ஐந்து ஆறு வேண்டாம், இரண்டு போதும்

எங்கள் காலை நடைக் கோஷ்டியில் மீன்பிடிப் பைத்தியம் உள்ளவர்கள் மூன்று பேர். மூவருமே அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். அதில் ஒருவர், பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், வரும் மார்ச் மாதத்துக்கு ஒரு பயணத் திட்டம் போட்டு எங்களுக்கு அனுப்பியிருக்கிறார். இமாசலப் பிரதேசத்தில் ஐந்து ட்ரவுட் ஆறுகள். ரோஹ்ரு பக்கம் பப்பர், சாங்லாவில் பாஸ்பா, பஞ்சார் பக்கம் தீர்த்தன், அதற்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் சைஞ்ச், கடைசியாக பாரோட்டில் ஊல். போக வர ஆகும் நாட்களைக் கழித்து அங்கே பன்னிரண்டு நாள். கோயமுத்தூரிலிருந்து சொந்தக் காரில். எக்ஸெல் தாளில் கலர் கலராகக் கட்டம் போட்டு, டீ குடிக்க 15 நிமிஷம் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறார். முப்பத்தைந்து வருஷம் பேலன்ஸ் ஷீட் பார்த்த கை.

நான் அந்தத் திட்டத்துக்கு எதிர்க்கட்சி. பயணமே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. ஐந்து ஆறு வேண்டாம், இரண்டு போதும். ரோட்டைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள், தண்ணீரைப் பார்த்துப் போடுங்கள் என்கிறேன். வாக்கிங்கில் பேசித் தீரவில்லை என்பதால் எழுத்தில் வைக்கிறேன்.

இந்த விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஃப்ளை ஃபிஷிங் என்பது புழு கோர்த்துப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்திருக்கும் சமாசாரம் இல்லை. இறகையும் நூலையும் சின்னக் கொக்கியில் கட்டிப் பூச்சி மாதிரிச் செய்வார்கள். அதற்கு எடையே கிடையாது. எடையெல்லாம் தூண்டில் கயிற்றில்தான். கயிற்றைச் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீசி, அந்தப் பொய்ப் பூச்சியை ஓடும் தண்ணீரில் நிஜப் பூச்சி விழுவதுபோல் இறக்க வேண்டும். ட்ரவுட் குளிர்ந்த, ஓடும் தண்ணீர் மீன். வெள்ளத்தை எதிர்த்து மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு கல்லின் பின்னால் நிற்கும், மேலிருந்து மிதந்து வருவதைச் சாப்பிடும். அதனால் அதன் முதுகுப் பக்கமாக, கீழிருந்து மேலே நடந்துதான் நெருங்க வேண்டும். நிழல் விழுந்தால் போச்சு.

நான் இதைக் கற்றுக்கொண்டது நீலகிரியில். மின் வாரியத்தில் இருந்த காலத்தில் ஒன்பது வருஷம் குந்தா மின் திட்டத்தில் வேலை. கொழும்புத் திட்டத்தில் கனடா நாட்டு உதவியுடன் கட்டிய மின் நிலையங்கள் அவை. அவலாஞ்சி ஓடைகளில் ட்ரவுட் உண்டு என்பதே அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும். சீனியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். வெள்ளைக்காரன் ஊட்டிக்குக் கொண்டுவந்த பண்டங்களில் உருளைக்கிழங்கு, யூகலிப்டஸ், டீ எல்லாம் நமக்குத் தெரியும். மீனும் அப்படி வந்ததுதான். 1860-களில் ஃபிரான்சிஸ் டே என்ற மருத்துவர் முயன்று தோற்றார். நாற்பது வருஷம் கழித்து எச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வைத்து வெற்றி கண்டார். ஏறத்தாழ அதே சமயத்தில், 1909 வாக்கில், குலு பள்ளத்தாக்கில் ஹோவெல் என்ற அதிகாரி பழுப்பு ட்ரவுட்டை விட்டார். நம் மலையில் நிலைத்தது வானவில் ட்ரவுட். இமாசல ஆறுகளில் பெரும்பாலும் பழுப்பு. இரண்டுமே வந்தேறிகள்தான். அந்தந்த ஓடையில் முன்பே இருந்த மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டு வாழ்பவை. அந்த வழக்கு வேறு, இன்றைக்கு வேண்டாம்.

என் வீட்டம்மாவின் கேள்வி, "ஏனுங்க, ஊட்டியில இல்லாத மீனா அங்க இருக்குது?" என்பது. நியாயமான கேள்வி. ஆனால் நீலகிரியில் நல்ல ஓடைகள் எல்லாம் இன்று வனத்துறைக் காட்டுக்குள்ளும் முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள்ளும் இருக்கின்றன. நினைத்தபோது தூண்டிலைத் தூக்கிக்கொண்டு இறங்கிய காலம் போய்விட்டது. காட்டுக்கு அது நல்லதும்கூட. இமாசலத்தில் மீன்வளத் துறையிடம் பணம் கட்டினால் தினசரி லைசென்ஸ் கிடைக்கும். அதற்குரிய சட்டதிட்டமும் உண்டு. ஆகவே போவது என்று முடிவாகிவிட்டது. எப்படிப் போவது என்பதில்தான் சண்டை.

முதலில் தேதியைப் பார்ப்போம். இமாசலத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி கடைசி வரை ட்ரவுட் பிடிக்கத் தடை. முட்டையிடும் காலம். மார்ச் முதல் தேதி திறக்கிறார்கள் என்றதும் நண்பர் மார்ச் 5 என்று கட்டம் போட்டுவிட்டார். சாங்லாவில் இருந்து தீர்த்தனுக்கு ஜலோரி கணவாய் வழியாக வருவதாகத் திட்டம். அந்தக் கணவாய் 3,120 மீட்டர். தொட்டபெட்டாவையே 2,637 மீட்டர் என்கிறோம். மார்ச் தொடக்கத்தில் ஜலோரியில் பனி கிடக்கும். ரோடு திறந்திருக்குமா என்பது அந்த வருஷத்துப் பனியைப் பொறுத்தது. பாஸ்பாவின் மேல்பகுதி, சித்குல் ஊர், கிட்டத்தட்ட 3,450 மீட்டரில் இருக்கிறது. அங்கே மார்ச் முதல் வாரத்தில் மீனைத் தேடுவதற்கு முன்னால் ஆற்றைத் தேட வேண்டியிருக்கும்.

சரி, மே மாதம் தள்ளிப் போகலாமா என்றால் இன்னொரு சிக்கல். வெயில் ஏற ஏறப் பனி உருகும். மேலே பனிப்பாறைகள் உள்ள ஆறுகளில் பகல் ஏறினால் தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகிவிடும். மீனுக்குப் பூச்சி தெரியாது, நமக்குக் கால் வைக்கும் கல் தெரியாது. அப்புறம் மழை. ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. 2023 ஜூலையில் பியாஸ் பள்ளத்தாக்கு பட்ட பாடு டிவியில் பார்த்தது நினைவிருக்கும். சைஞ்ச் கடைவீதியையே ஆறு அடித்துக்கொண்டு போனது. மழை ஓய்ந்து செப்டம்பர் பாதிக்கு மேல் அக்டோபர் வரை மறுபடியும் நல்ல தண்ணீர். ஆக வருஷத்தில் நமக்குக் கிடைப்பது இரண்டு ஜன்னல்கள். மார்ச் கடைசியில் தொடங்கி மே தொடக்கம் வரை ஒன்று, செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் ஒன்று. எல்லா ஆற்றுக்கும் ஒரே ஜன்னல் கிடையாது. உயரத்தில் இருப்பது பிந்தித் திறக்கும், முந்தி மூடும். ஐந்து ஆறுகளும் ஒரே பன்னிரண்டு நாளில் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, ஐந்து சம்பந்தி வீட்டாரும் ஒரே நாளில் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மாதிரி.

அடுத்தது அணை. இதில் எனக்குக் கொஞ்சம் பேச உரிமை உண்டு.

மேப்பில் ஆறு நீலக் கோடாக நீளமாக ஓடும். அந்தக் கோடு முழுக்கத் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இமயமலையில் இப்போது கட்டுகிற மின் திட்டங்களில் பல, ஆற்றைக் குறுக்கே மறித்து, மலைக்குள் சுரங்கம் போட்டு, பல கிலோமீட்டர் தள்ளி மின் நிலையத்தில் கொண்டு போய் விடுபவை. தண்ணீரைத் தேக்கி வைப்பதில்லை, ஓடுகிற ஆற்றில் அப்படியே மின்சாரம் என்பார்கள். பெயரளவில் சரி. ஆனால் மறித்த இடத்துக்கும் மின் நிலையத்துக்கும் நடுவில் உள்ள ஆற்றில் என்ன மிஞ்சும்? இமாசலத்தில் தண்ணீர் குறைந்த காலத்து ஓட்டத்தில் 15 சதவீதமாவது கீழே விட வேண்டும் என்று விதி. 15 சதவீதம் விட்டாலும் அது ஆறு இல்லை, வாய்க்கால். பாஸ்பாவில் சாங்லாவுக்குக் கீழே குப்பாவில் மறித்து, 300 மெகாவாட் மின் நிலையத்துக்குக் கொண்டு போகிறார்கள். சைஞ்ச் ஆற்றிலும் திட்டங்கள் உண்டு. நண்பரின் தாளில் "சாங்லா போகிற வழியில் ஆற்றோரம் 2 மணி நேரம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. எந்த இடம் என்று பார்த்தால் குப்பாவுக்குக் கீழே. காய்ந்த கல்லுக்கு நடுவில் ஃப்ளை வீசலாம், தடையில்லை.

அதுகூட சும்மா இரண்டு மணி நேர நஷ்டம். அவர் தாளில் என்னைத் தூங்கவிடாமல் செய்த கட்டம் வேறு ஒன்று. சைஞ்சிலிருந்து மண்டிக்கு இறங்கும்போது, "லார்ஜி தாண்டி பியாஸ் ஆற்றில் 1 மணி நேரம், போட்டோ" என்று போட்டிருக்கிறார்.

2014 ஜூன் 8-ஆம் தேதி அந்த இடத்தில் என்ன நடந்தது என்பது பலருக்கு மறந்திருக்கும். ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் சுற்றுலா வந்தவர்கள், ஆற்றில் தண்ணீர் குறைவாக இருக்கிறதே என்று பாறைகள் மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையில் ஷட்டர் திறந்தார்கள். 24 மாணவ மாணவிகள் போய்விட்டார்கள். பிள்ளைகள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் தண்ணீர் குறைவாக இருப்பது ஆறு சாதுவாக இருக்கிறது என்பதற்கு அடையாளம் அல்ல, மேலே யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? வெயில் அடிக்கும், வானத்தில் ஒரு மேகம் இருக்காது, கிரிட்டில் ஏதோ தேவைக்கு மின் உற்பத்தியைக் குறைப்பார்கள் அல்லது கூட்டுவார்கள், தண்ணீர் வரும். ஷட்டர் பக்கம் நின்று வேலை பார்த்தவன் சொல்கிறேன். சைரன் ஊதினாலும் ஆற்றின் இரைச்சலில் காதில் விழும் என்று நம்ப முடியாது. இருபது வயதுப் பிள்ளைகளால் ஓடிக் கரையேற முடியவில்லை. ஒரு முழங்காலில் ஆபரேஷன் ஆன நாம் எப்படி ஏறுவோம்?

அதனால் என் முதல் விதி: புது ஆற்றுக்குப் போகும் முன், நாம் நிற்கப் போகும் இடத்துக்கு மேலே ஷட்டர் வைத்த அணை ஏதாவது இருக்கிறதா என்று பார். இருந்தால் அந்த இடம் வேண்டாம். மீன் துள்ளிக் குதித்தாலும் வேண்டாம். இதில் நான் யாருடனும் சமரசம் பேசத் தயாரில்லை. அந்தக் கட்டத்தை அடித்தால்தான் நான் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

இந்த விதியை வைத்துப் பார்த்தால் தீர்த்தன் தானாக முன்னால் வந்து நிற்கிறது. அது பிறப்பது இமாலயப் பெரும் தேசியப் பூங்காவுக்குள். 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். தீர்த்தனில் சின்னச் சின்ன மின் திட்டங்கள் பல வருவதாக இருந்தன. பள்ளத்தாக்கு மக்கள் எதிர்த்தார்கள், மாநில அரசு கைவிட்டது. மின்சாரம் விற்றுச் சோறு தின்றவன் இதைப் பாராட்டலாமா என்று கேட்பீர்கள். பாராட்டுகிறேன். குந்தாவில் நாங்கள் செய்த வேலை குறித்து எனக்குப் பெருமைதான், கோயமுத்தூர் மில்கள் ஓடியது சும்மா இல்லை. ஆனாலும் ஒரு மாநிலத்தில் பத்து ஆறு மின்சாரத்துக்கு என்றால் ஒன்றாவது ஆறாகவே இருக்கட்டும்.

இரண்டாவது ஊல். இதில் மறிப்பு இருக்கிறது, ஆனால் நாம் மீன் பிடிப்பது பாரோட்டுக்கு மேலே, மறிப்புக்கு மேல்பக்கம். பாரோட்டில் தண்ணீரை எடுத்துச் சுரங்கம் வழியாக ஜோகிந்தர்நகரில் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஷானன் மின் நிலையம், 1932-33-ல் ஓடத் தொடங்கியது. நம் பைக்காராவும் 1932. இரண்டும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள், ஒன்று அந்தக் கோடியில், ஒன்று இந்தக் கோடியில். மலைச்சரிவில் சாமான் ஏற்ற அன்றைக்குப் போட்ட டிராலி பாதையும் அங்கே உண்டு. அதைப் பார்க்காமல் நான் செத்தால் கட்டை வேகாது. பாரோட்டில் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகமும் இருக்கிறது.

சரி, எத்தனை நாள்? என் கணக்கு ஓர் ஆற்றுக்கு நாலு நாளுக்குக் குறையக் கூடாது. முதல் நாள் தூண்டிலையே எடுக்காமல் கரையோரம் நடக்க வேண்டும். எங்கே தண்ணீர் சுழல்கிறது, எங்கே நாம் இறங்கி ஏற முடியும், எந்தக் கல்லைப் புரட்டினால் என்ன பூச்சி ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2023 வெள்ளம் அங்கே ஆறுகளின் அடிமட்டத்தையே மாற்றிப் போட்டிருக்கிறது. அதற்கு முன் யாரோ எழுதிய "பாலத்துக்கு மேலே இரண்டாவது மடு" என்பதெல்லாம் இன்றைக்குச் செல்லாது. இரண்டாம் நாள் வீசிப் பார்ப்பது. மூன்றாம் நாள்தான் கையும் கண்ணும் அந்தத் தண்ணீருக்குப் பழகும். நண்பரின் திட்டப்படி நமக்கு மூன்றாம் நாள் என்பதே எந்த ஆற்றிலும் கிடையாது. ஐந்து ஆற்றிலும் முதல் நாளையே ஐந்து தரம் வாழ்ந்துவிட்டு வரலாம்.

இங்கேதான் அவர் ஒரு பதில் சொன்னார். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

"ஏனுங்க சார், நமக்கு இன்னும் எத்தனை மார்ச் மாசம் பாக்கி இருக்குதுன்னு நினைக்கிறீங்க? அடுத்த வருஷம் அடுத்த ஆறுன்னு சொல்றதுக்கு நமக்கு என்ன இருபத்தஞ்சு வயசா?"

அவருக்குப் போன வருஷம் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அதை மனதில் வைத்துத்தான் சொல்கிறார் என்று தெரியும். இதற்கு வாதத்தில் பதில் சொல்ல முடியாது. எனக்கும் அந்தக் கணக்கு ராத்திரிகளில் வருகிறது. ஆனால் பாக்கி குறைவு என்பதாலேயே அதைக் காருக்குள் செலவழிக்க எனக்கு மனசில்லை. அவர் தாளைக் கூட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு நாளில் ஆற்றில் நிற்கும் நேரத்தைவிட மலைரோட்டில் காரில் உட்கார்ந்திருக்கும் நேரம் அதிகம். இது இல்லாமல் கோயமுத்தூரிலிருந்து சண்டிகர் வரை ஒரு வழிக்கு மட்டும் 2,700 கிலோமீட்டர் பக்கம். ஹைவே நன்றாகத்தான் இருக்கிறது. நம் முதுகு? கேரளா எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் எடுத்து, சீட்டு விளையாடிக்கொண்டு டெல்லி போய், அங்கிருந்து மேலே சண்டிகரில் மலைரோடு தெரிந்த டிரைவரோடு வண்டி பிடித்துக்கொள்ளலாம். மலையில் நம் கை ஸ்டியரிங்கில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால்தானே ஆறு தெரியும்.

அவருக்கு ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். பாஸ்பாவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. படத்தில் பார்த்தாலே கண் நிறைகிறது. இரண்டு பேருக்கும் உடம்பு கேட்டால் செப்டம்பர் கடைசியில் அதற்கென்று தனியாக ஒரு பயணம், கார்டியாலஜிஸ்ட் அந்த உயரத்துக்குச் சரி சொன்ன பிறகு. சாங்லாவே கிட்டத்தட்ட 2,700 மீட்டர். ஊட்டியைவிட உயரம். மாத்திரை டப்பாவோடு போகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் மீனைக் கேட்கக் கூடாது.

ஆற்றில் இறங்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது. வேடர்ஸ் என்று மார்பு வரை ரப்பர் கால்சட்டை விற்கிறார்கள். பெயரைக் கேட்டதும் கண்ணப்ப நாயனார் ஞாபகம் வரும். விழுந்தால் அதற்குள் தண்ணீர் புகுந்து எழுந்திருக்க விடாது. நமக்கு அது வேண்டாம். அடியில் கம்பளிப் பட்டை ஒட்டிய பூட்ஸ், கையில் ஓர் ஊன்றுகோல், கூப்பிடு தூரத்தில் இன்னொரு ஆள். உள்ளூர்ப் பையன் ஒருவனைத் தினக்கூலி கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. அவனுக்கு எந்த மடுவில் மீன் நிற்கிறது என்று தெரியும். அதைவிட முக்கியம், எந்தக் கல் வழுக்கும் என்றும் தெரியும். 9 அடி, 5-ஆம் எண் தூண்டில் ஒன்று போதும். மூன்று தூண்டில் வாங்கியவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

பிடித்த மீனை என்ன செய்வது என்றும் எங்களுக்குள் பேச்சு. விட்டுவிடுவோம் என்பது என் கட்சி. "அவ்வளவு தூரம் போய்ப் பிடிச்சுட்டு விடறதுக்கா?" என்று மூன்றாமவர் சிரிக்கிறார். அந்தப் பள்ளத்தாக்கில் ட்ரவுட் வளர்க்கும் பண்ணைகள் இருக்கின்றன. வானவில் ட்ரவுட் அங்கேயே வாங்கி, தங்கும் இடத்தில் கொடுத்தால் வறுத்துத் தருவார்கள். வயிற்றுக்கு அது. ஆற்றில் உள்ள பழுப்பு ட்ரவுட் குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக வளர்வது. கையளவு மீனுக்கே சில வயது இருக்கும். கொக்கியின் முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் வாயிலிருந்து சுலபமாகக் கழன்று வரும். மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கழற்றிவிட வேண்டும், கையை முதலில் நனைத்துக்கொண்டு. போட்டோ வேண்டுமென்றால் ஒன்று. பேரனுக்கு அனுப்ப ஒன்று போதும்.

ஆக என் திட்டம் இது. மார்ச் 24 கோயமுத்தூரில் ரயில். சண்டிகரில் ஒரு ராத்திரி. அடுத்த நாள் மண்டி, ஔட் சுரங்கப்பாதை, பஞ்சார். ஜலோரி பக்கமே போவதில்லை. குஷைனி பக்கம் ஆறு நாள், தீர்த்தனில். ஒரு நாள் மழை வந்தால் வரட்டும், கதை பேசிக்கொண்டு ஃப்ளை கட்டலாம். பிறகு மண்டி வழியாக பாரோட், நாலு நாள். அதில் ஒரு நாள் ஷானன் எனக்கு, தூண்டில் கிடையாது. ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டுக்கு வீட்டில் இருப்போம் என்று வீட்டம்மாவிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

பேங்க் நண்பர் இன்னும் பதில் சொல்லவில்லை. பியாஸ் கட்டத்தை மட்டும் சிவப்பில் அடித்து நேற்று ராத்திரி புதுத் தாள் அனுப்பியிருக்கிறார். ஐந்து ஆறும் அப்படியே இருக்கின்றன. ரயில் ரிசர்வேஷன் திறப்பதற்குள் பேசித் தீர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். நாலாவதாக வர விருப்பம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நடக்கத் தெரிந்தால் போதும், மீன் பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை. குறட்டை விடுபவர்கள் தனி ரூம் எடுத்துக்கொள்ள வேண்டும்.